கதவு நிலையில் பதினொரு கோடுகள்

மனுரேவா என்ற புறநகரில் அந்த வீட்டுக்குள் அஸ்வினி நுழைந்தபோது மணி மூன்று. ஐந்து மணிக்குள் அவள் ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும்.

வார நாட்களில் அவளுக்கு எல்லர்ஸ்லியில் கணினி வேலை. சனிக்கிழமைகளில் ஒரு கால்பந்துப் பயிற்சியகத்துக்காகப் பள்ளி மைதானங்களில் நின்று ஆள் தேடுவாள். நன்றாக ஆடுகிறவர்களைக் கண்டுபிடிக்க அவள் தேவையில்லை; அவர்களை ஊரே காட்டிக்கொடுத்துவிடும். அவள் தேடுவது விட்டுப்போனவர்களை.

பிள்ளைகள் விட்டுப்போவது இப்படித்தான். பதின்மூன்று வயதில் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தியின் உடம்பு மற்றவளுடையதைவிட இரண்டு வருடம் முந்தியிருக்கலாம். முந்தியவள் வேகமாக ஓடுவாள், அவளை அணியில் எடுப்பார்கள், நல்ல பயிற்சியும் கிடைக்கும். பிந்தியவள் கோட்டுக்கு வெளியே தண்ணீர் போத்தலோடு நிற்பாள்; பெரும்பாலும் அடுத்த வருடம் வரவே மாட்டாள். அபூர்வமாக ஒருத்தி விடாமல் வருவாள். கால் எட்டாததால் அவள் கண்ணைப் பழக்கிக்கொள்வாள். அந்தக் கண்ணைத்தான் அஸ்வினி தேடுவாள்.

கம்சாயினியை அவள் பார்த்தது ஐந்து வாரங்களுக்கு முன்பு, தூறலில், ஒரு பள்ளியின் இரண்டாவது அணி ஆட்டத்தில். எல்லோரையும்விட ஒரு தலை குட்டையான பெண். பந்தைத் துரத்தினால் பிந்திவிடுவாள். ஆனால் பந்து வருவதற்கு முந்திய பத்து விநாடிகளில் அந்தப் பெண் தோளுக்குப் பின்னால் எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறாள் என்று அஸ்வினி எண்ணினாள். மற்றவர்கள் இரண்டு தரம். இவள் ஏழு தரம். பந்து காலுக்கு வரும் முன்பே அடுத்தது எங்கே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே சிக்கல் வயது. இந்த வருடம் பதினெட்டு ஆகாதவர்களைத்தான் பயிற்சியகம் எடுக்கும். கம்சாயினிக்கு வரும் ஜனவரியில் பதினெட்டு. இதுவே கடைசி வாய்ப்பு. பதினேழரை வயதில் இவ்வளவு குட்டையான பெண் இனி வளரமாட்டாள் என்று தலைமைப் பயிற்சியாளர் முதலில் கைவிரித்தார். போன வருடம் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள் என்றாள் அஸ்வினி. “அந்த வயதில் அப்படி வளரமாட்டார்கள். உன் அளவு தப்பு. வீட்டுக்குப் போய் பெற்றோரையும் சேர்த்து அளந்து வா” என்றார் அவர்.

பெற்றோரை அளப்பதற்குக் காரணம் உண்டு. தாய், தகப்பன் உயரங்களின் சராசரியில் ஆறரை சென்டிமீட்டரைக் கழித்தால் மகள் ஏறக்குறைய எவ்வளவு வளர்வாள் என்று தெரியும். அதில் இப்போது எத்தனை சதவீதம் ஆகிவிட்டது என்று பார்த்தால், உடம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிந்துவிடும்.

“அண்ணா, சுவத்தோட ஒட்டி நில்லுங்க. குதிகால் படணும். தாடையைத் தூக்காதீங்க.”

ஏரம்பமூர்த்தி நின்றார். விரி என்ற பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“நூத்தி எழுபத்தி நாலு. ஃபார்ம்ல நூத்தி எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்களே?”

“கலியாணம் பேசேக்கையும் உந்தக் கணக்குத்தான் சொன்னவர்” என்றாள் அவர் மனைவி இராசமலர். “அப்பவே நீங்கள் வந்து அளந்திருந்தா நான் தப்பியிருப்பன் தங்கச்சி.”

“நீர் சும்மா இரும்.”

“டாட், ஃபார்ம்ல லை பண்ணினீங்களா!” சோஃபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்த மகள் கைகொட்டிச் சிரித்தாள். அஸ்வினியும் சிரித்தாள். ஏரம்பமூர்த்தி சிரிக்கவில்லை.

இராசமலர் நூற்று அறுபது. கணக்குப்படி மகள் நூற்று அறுபதரைக்கு வளர வேண்டும். இப்போது நூற்று ஐம்பத்து மூன்று. தொண்ணூற்றைந்து சதவீதம்! பிந்தி வளரும் பதினைந்து வயதுப் பெண்களிடம் காண்கிற எண் அது. அஸ்வினி இரண்டாம் தரமும் அளந்தாள். அதே எண்தான்.

“சின்னவளை நாங்கள் ஒவ்வொரு தையிலும் அளக்கிறனாங்கள்” என்று இராசமலர் சமையலறைக் கதவு நிலையைக் காட்டினாள்.

ஒற்றைப் பிள்ளையைச் சின்னவள் என்று கூப்பிடுகிறார்களே என்று அஸ்வினிக்கு மைதானத்தில் இவர்களைச் சந்தித்த முதல் நாளே தோன்றியிருந்தது. குட்டையாக இருப்பதால் வந்த செல்லப் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நிலையில் பென்சிலால் பதினொரு கோடுகள், பக்கத்தில் ஏழு முதல் பதினேழு வரை எண்கள். இவர்கள் இந்த நாட்டுக்கு வந்த மறுவருடம் தொடங்கியவை. பதினாறு, பதினேழு வயதில் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்க வேண்டும். இங்கே கடைசி இரண்டு இடைவெளிகள்தான் பெரியவை.

இராசமலர் தேநீர் வைத்தாள். “பிள்ளையை அங்க விடுறதுக்கு எனக்குச் சம்மதம். சாதகக் குறிப்பைக் கொண்டுபோய்க் கோயில் ஐயரிட்டயும் காட்டிப்போட்டன். பதினாறு முடியுமட்டும்தான் கொஞ்சம் தடங்கலாம். இந்த மார்கழியோட முடியுதுதானே, பிறகு பயமில்லை எண்டவர்.”

எழுதிக்கொண்டிருந்த அஸ்வினி நிமிர்ந்தாள்.

“பதினெட்டுதானே அக்கா? ஜனவரில பதினெட்டு.”

இராசமலரின் கை கோப்பைமேல் நின்றுவிட்டது. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அஸ்வினிக்குள் எண்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் போய் விழுந்தன. தொண்ணூற்றைந்து, ஐந்து சென்டிமீட்டர், விலகிக்கொண்டே போகும் கோடுகள். இரண்டு வருடத்தைக் கழித்துப் பார்த்தால் எதிலுமே தப்பில்லை. கணக்குச் சரியாக வந்த சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதற்காக அவள் பின்னால் பல நாள் வெட்கப்பட்டாள். அடுத்த நொடியே அவள் படிவத்திலிருந்த பிறந்த தேதியைப் பார்த்தாள். படிவத்தில் எந்தத் தேதியையும் எழுதிவிடலாம். சாதகக் குறிப்பில் பொய்த் தேதி எழுத எந்தத் தாய்க்கும் மனம் வராது.

“மம்? வாட்ஸ் கோயிங் ஆன்?”

இராசமலர் எழுந்து சாமி அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் மூலைகளில் மஞ்சள் தடவிய மெல்லிய சாதகக் கொப்பிகள். ஒன்றல்ல, இரண்டு.

ஏரம்பமூர்த்திதான் சொன்னார். கிடங்கில் சரக்கு இறக்குவதைப் போல ஒவ்வொன்றாக.

“மூத்தவள் ஒருத்தி இருந்தவள். ரெண்டாயிரத்து எட்டு தையில பிறந்தவள். ஒரு வயசும் நாலு மாசமும். வைகாசியில, சண்டையின்ர அந்தக் கடைசிக் கிழமை…” அவர் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். “நீ அந்த மார்கழியில முகாமில பிறந்தனி. உன்ர பிறப்பைப் பதிய முன்னம் நாங்கள் வெளிக்கிட்டிட்டம். இந்தியாவுக்குப் போய்ச் சேரேக்க பைக்குள்ள இருந்தது அவளின்ர பிறப்புப் பத்திரம் மட்டும்தான். இந்த நாட்டுக்கு எடுக்கிற இன்டர்வியூவில பிள்ளையின்ர பத்திரம் எங்கை எண்டு கேட்டினம். நான் அதை நீட்டினன். பிள்ளை மெலிவு எண்டு மட்டும் சொல்லிச்சினம்.”

“அப்ப கம்சாயினி…” என்றாள் அஸ்வினி.

“அக்காவின்ர பேர்.”

அந்தப் பெண் இரண்டாவது கொப்பியை எடுத்து விரித்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாததால் அதை அஸ்வினியிடம் நீட்டினாள். அஸ்வினி அதிலிருந்த பெயரை வாசித்தாள்.

“கிருசாந்தி.”

அந்தப் பெண் அழவில்லை. கதவு நிலையிலிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது அங்கிருந்த யாரும் எதிர்பார்க்காத ஒன்று.

“ஸோ… ஐ வாஸ்ன்ட் ஸ்லோ?”

பதினொரு வருடம் இரண்டு வயது மூத்தவர்களோடு ஓடி, ஒவ்வொரு வருடமும் கடைசியாக வந்தவள். இராசமலர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு ஏரம்பமூர்த்தி படிவத்தை எடுத்து அஸ்வினியின் பக்கம் தள்ளினார். “பழைய தேதியையே போட்டு அனுப்புங்கோ தங்கச்சி. இவ்வளவு காலம் ஒருத்தரும் கேட்கேல்லைத்தானே. பிள்ளையின்ர சான்ஸ் போகக் கூடாது.”

கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அஸ்வினி பேனாவைத் தொட்டாள், எடுக்கவில்லை.

“அண்ணா, எனக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சுகிட்டு நான் எப்படிப் போடறது? அந்தத் தேதிக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள், ஒத்துக்கறேன். ஆனா குறிப்புல இருக்கற தேதிக்கு இன்னும் ரெண்டு வருஷம் டைம் இருக்கு. அதுக்குள்ள ஒரு வக்கீலைப் பார்த்து பேப்பரைச் சரி பண்ணப் பாருங்க.”

“எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?” என்றாள் இராசமலர்.

“தெரியாதுக்கா. சும்மா தைரியம் சொல்ல மாட்டேன்.”

மூவரும் மகளைப் பார்த்தார்கள். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து நாலாக மடித்தாள்.

“இது வேண்டாம் அப்பா” என்றாள். அவள் முழு வாக்கியத்தைத் தமிழில் சொல்லி அஸ்வினி கேட்டது அதுவே முதல் தரம். “அக்காவின்ர பேர்ல நான் போகேல்லை.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் அழைத்தார். அளவு தப்பில்லை என்றும், ஆனால் இந்த வருடம் தன்னிடம் பெயர் இல்லை என்றும் அஸ்வினி சொன்னாள். அவர் ஏனென்று கேட்கும் முன்பே வைத்துவிட்டாள்.

கிருசாந்தி பென்சிலோடு கதவு நிலைக்குப் போயிருந்தாள். கீழிருந்து ஒவ்வோர் எண்ணையும் அடித்து, பக்கத்தில் வேறொன்று எழுதினாள். ஏழு ஐந்தாயிற்று, எட்டு ஆறாயிற்று. பதினேழை அடித்துப் பதினைந்து என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

“அப்பா, ஹவ் டோல் வாஸ் ஷி?”

ஏரம்பமூர்த்தி எழுந்து வந்தார். குனிந்து, நிலைக்கு அருகே கையைத் தட்டையாகப் பிடித்தார். முதலில் முழங்காலுக்கு மேலே. பிறகு கொஞ்சம் இறக்கினார். பிறகு மறுபடியும் ஏற்றினார். கை ஓர் இடத்தில் நின்றது.

அளவு நாடா அஸ்வினியின் கையில்தான் இருந்தது. அவள் அளக்கவில்லை.

கிருசாந்தி தரையில் மண்டியிட்டு, அப்பாவின் கைக்கு நேராக ஒரு கோடு போட்டாள். அதற்குப் பக்கத்தில் வயதை எழுதவில்லை. இத்தனை வருடமும் தன் பள்ளிக் கொப்பிகளில் எல்லாம் எழுதிவந்த பெயரை, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.