செத்தவீட்டுக் கிற்றார்

யோகமலர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் லண்டனின் மிச்சம் பகுதியில் யாருக்கோ செத்தவீடு, இல்லாவிட்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று அர்த்தம். சனம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். எதிரே வருகிறவர்கள் நின்று, "ஆருக்கு அக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கலியாணவீடு, பிறந்தநாள், சாமத்தியவீடு எதற்குக் கூப்பிட்டாலும் அவள் போகமாட்டாள். "இது அந்தச் சாமான் இல்லை" என்று மறித்துவிடுவாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரேயொரு உருப்படி. ஸ்பெயின் தேசத்து ரமோன் வில்யார்தா என்ற ஃபிளமெங்கோ கிற்றார்க்காரர் எந்தக் காலத்திலோ இசைத்தட்டில் பதித்து வைத்துவிட்டுப் போனது. அந்தத் தட்டு அவளுக்கு ஒரு பழஞ்சாமான் கடையில் கிடைத்தது. மேலட்டை இல்லை, வெறும் கடதாசி உறை. நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தில் அவர் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது, மற்றதெல்லாம் உரிந்துபோயிருந்தது. மகள் வான்மதி இரண்டு கிழமை பழகிவிட்டுக் கைவிட்ட கிற்றார் வீட்டில் சும்மா கிடந்தது. தட்டைச் சுழல விட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கிப் பின்னால் வைத்து, நரம்புகளைத் தட்டின் சுருதிக்குத் தளர்த்தி, ஒரு வாத்தியாரும் இல்லாமல் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வருடக்கணக்கான வேலை அது.

அது அழுகைதான் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நீங்கள் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். கிற்றார் தயங்கித் தயங்கி இறங்கும். பின்னால் யாரோ நெஞ்சில் அடித்துக்கொள்வதுபோல் தொப்பு தொப்பென்று ஒரு சத்தம். இடைக்கிடை ஆண்கள் "ஓ…" என்று தொண்டைக்குள் இருந்து அனுங்குவார்கள். எங்கள் ஊர்ச் செத்தவீடு பார்த்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஸ்பெயின்காரரும் எங்களைப்போல நெஞ்சிலடித்துத்தான் அழுகிறார்கள் போலும் என்று நினைத்தாள். யாருடையதோ சாவீட்டில் பிடித்த தட்டு என்று முடிவு கட்டினாள். ஒருமுறை வான்மதி போனில் வேறு ஃபிளமெங்கோக்காரர்களைக் காட்டினாள். "இவையள் அவசரக்காரர், என்ர ஆளின்ரை நிதானம் இவையளுக்கு இல்லை" என்று தள்ளிவிட்டாள்.

முதலில் தன் தாயின் அந்தியேட்டியில் வாசித்தாள். அந்த வீடியோ ரொறொன்ரோ வரைக்கும் போய்ச் சனத்தை அழவைத்தது. அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் இங்கே ஒரு நினைவு நாளும் நடக்காது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பியற்றிஸின் கணவர் மரியநாயகத்துக்கு நினைவுத் திருப்பலி. அதற்குப் பிறகு கோயில் மண்டபத்தில் யோகமலர் வாசிக்க வேண்டும். மரியநாயகம் மீன்கடைக்காரர். ஊரைவிட்டு வந்து முதலில் ஸ்பெயினில் ஒரு கோட்டலில் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்தவர். சாகுமுன்பு தன் வாயாலேயே சொல்லியிருந்தாராம்: "எனக்கு மலரக்காதான் வாசிக்க வேணும்."

காலையில் ஒருமுறை தட்டைக் கேட்டுவிட்டுத்தான் அவள் எங்கேயும் வாசிக்கப் போவாள். அன்று ஊசியை வைத்ததும் அது முறிந்து விழுந்தது.

"உமக்குப் பாடம்தானே, விடுமப்பா" என்றார் கணவர் லோகன்.

"கேக்காமப் போனா எனக்குக் கை ஓடாது. வான் சாவியை எடுங்கோ, டூட்டிங்குக்குப் போவம்."

டூட்டிங் மார்க்கெட்டுக்குள் திவாகர் என்று ஒரு மலேசியத் தமிழர் சனிக்கிழமைகளில் பழைய இசைத்தட்டுக் கடை போடுவார். கிழமை நாளில் ஏதோ கம்பனியில் கணக்காளர். லோகன் வெளியே வான் வண்டிக்குள் இருக்க, யோகமலர் தட்டைக் கொண்டு உள்ளே போனாள்.

"ஊசி இருக்குக்கா. தட்டைக் கொடுங்க, இங்கயே ஒருவாட்டி போட்டுப் பார்ப்போம். தட்டுல கீறல் இருந்தா புது ஊசியும் போயிடும் லா" என்று திவாகர் தன் மெசினில் வைத்தார்.

கிற்றார் பாய்ந்து வந்தது.

யோகமலருக்கு முதலில் அது எந்தத் தட்டென்றே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவளுடைய தாயின் அந்தியேட்டி மடியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடுகிறதுபோல இருந்தது. நெஞ்சிலடிக்கிற சத்தம் இல்லை, கைதட்டல்! படபடவென்று கைதட்டல். அனுங்குகிற ஆண்களையும் காணவில்லை. அந்த இடங்களிலெல்லாம் பெண்கள் "ஓலே! ஓலே!" என்று கூவிக் கூவிச் சிரித்தார்கள்.

"தம்பி, நிப்பாட்டும்! உம்மடை மெசின் பழுது. வெறிகொண்டு ஓடுது."

"இல்லக்கா, சரியாதான் ஓடுது." அவர் அந்தத் தட்டை எடுத்துவிட்டு ஒரு பழைய தமிழ்ப் படப்பாட்டுத் தட்டைப் போட்டார். ரேடியோவில் கேட்ட அதே குரல், அதே நடை, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உங்க வீட்ல என்னா மெசின்?"

"என்ர தம்பி கிருஷ்ணராசா கனடாவிலை இருந்து கொண்டுவந்து தந்தது. கரண்டுக்கு ட்ரான்ஸ்போமர் பெட்டியும் சேத்துத்தான் வைச்சிருக்கிறம். அண்டைக்குத் தொடக்கம் எரியேல்லை, ஒண்டுமில்லை."

"ஐயோ அக்கா." திவாகர் தலையில் கைவைத்தார். "பெட்டி கரண்டோட பலத்ததான் குறைக்கும். துடிப்ப மாத்தாது. கனடா கரண்டு வேகமா துடிக்கும், இங்க மெதுவா துடிக்கும். அந்த மோட்டரு துடிப்பப் பார்த்துதான் சுத்துது. அங்க ஆறு சுத்து போற நேரத்துல இங்க அஞ்சுதான் போவும். சத்தமும் கீழ இறங்கிடும், பொம்பளக் குரல் ஆம்பளக் குரலாயிடும். வேற தட்டு எதுவும் போட்டதே இல்லையா?"

"என்னட்டை உது ஒண்டுதான்."

திவாகர் ஒரு பெட்டிக்குள் துழாவி அதே தட்டின் இன்னொரு பிரதியை எடுத்தார். அதற்கு மேலட்டை இருந்தது. யோகமலர் அதை வாங்கிப் பார்த்தாள்.

படத்தில் ஒரு மணப்பெண் மேசைமேல் ஏறி நின்று பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஆடுகிறாள். சுற்றிலும் கிளாசும் கையுமாகக் கிழவர்கள். நடுவில் ரமோன் வில்யார்தா, அவள் அத்தனை வருடமும் கண்ணீர் வடிய உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருந்த மனுசன், முன்பல் ஒன்று இல்லாமல் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"கல்யாண வீட்லயே ரெக்காட் பண்ணதுக்கா. பின்னாடி எழுதியிருக்கு" என்றார் திவாகர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பொடியன், இருபத்தாறு வயது, கார் அடிபட்டுச் செத்தவன். அவன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து இதைத்தான் வாசித்தாள். தாய்க்காரி அவள் காலடியில் விழுந்து கிடந்தாள். தன் சொந்தத் தாய்க்கும் இதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மணப்பெண் மேசையிலேறி ஆடுகிற பாட்டை! புது ஊசியை வாங்காமலே வெளியே வந்தாள்.

வானுக்குள் விசயத்தைக் கேட்ட லோகன் சாவியைத் திருகினார்.

"ஒருத்தருக்கும் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு வாசியும்."

"மேலட்டையோடை இன்னொரு தட்டு கடையிலை கிடக்குது. நாளைக்கு எங்கட ஆக்கள் ஆரும் வாங்கிக் கேட்டா?"

"மிச்சத்திலை ஆர் வாங்குறது? உம்மைத் தவிர இந்த விசர் வேறை ஆருக்குப் பிடிச்சது?"

"பகிடி விடாதேங்கோ. நான் வாசிக்கமாட்டன். பியற்றிஸிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

"கை சுளுக்கிப் போச்செண்டு சொல்லுமன்."

அதைச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. செத்தவர் கேட்டுப் போனது. பொய் சொல்லித் தப்புகிற காரியமா?

பூசை முடிந்து சனம் மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. பியற்றிஸ் பின்பக்கத்துக் குசினியில், கறுப்புச் சேலையோடு, றோல்ஸ் பலகாரத் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யோகமலரைவிடப் பத்து வயது இளையவள். ஒரு மாதத்துக்குள் முகம் சிறுத்துப்போயிருந்தது.

"பியற்றிஸ், நான் இண்டைக்கு வாசிக்க ஏலாது."

"ஏனக்கா, சுகமில்லையோ?"

யோகமலர் கதவைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். கனடா மெசின், கரண்டு, கைதட்டல், மேசையிலேறிய பொம்பிளை. கடைசியில், "அது கலியாணவீட்டுக் கூத்து, பிள்ளை. நான் எல்லாரின்ரை சாவிலையும் கலியாணம் கொண்டாடியிருக்கிறன். என்னை மன்னியும்" என்று சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவள்போல நின்றாள்.

பியற்றிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அது கலியாணப் பாட்டெண்டு. அவர் சொன்னவர். ஆஸ்பத்திரியிலை, கடைசிக் கிழமை. ஸ்பெயினிலை அவர் நிண்ட கோட்டலிலை கலியாணம் நடந்தா உதுதானாம் போடுவினம். கோப்பை கழுவேக்கை கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடம். நீங்கள் உங்கட அம்மாவின்ரை அந்தியேட்டியிலை வாசிக்கத் தொடங்கினவுடனை பிடிச்சிட்டாராம்."

காலையில் தன்னை அடித்தது ஒன்றுமே இல்லை என்று யோகமலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருவருக்கும் தெரியாது என்று லோகன் சொன்னாரே! ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலேயே. ஒவ்வொரு சாவீட்டிலும் முன்வரிசையில் வந்து குந்தியிருந்த மனுசனுக்கு.

"அப்ப… எல்லாத்துக்கும் வந்து குனிஞ்சுகொண்டு இருந்தவரே?"

"சிரிப்பை அடக்கத்தான்" என்றாள் பியற்றிஸ். "'மலரக்கா உலகமே இடிஞ்ச மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு பொம்பிளை மாப்பிளைக்கு வாசிக்கிறா, நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்' எண்டவர்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ! இவ்வளவு வருசமா என்னை விசரியாக்கி வைச்சு…" செத்த மனுசனை ஏசக்கூடாது என்று நாக்கைக் கடித்தாள், பிறகும் ஏசினாள். "நல்லாயிருப்பாரோ அந்த மீன்காரன்!"

"சொன்னா நீங்கள் விட்டிடுவியளாம். அதாலைதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரைக்கும் என்னட்டையும் சொல்லேல்லை. முதல் நாளே அவருக்குச் சிரிப்பு வந்ததுதான். ஆனா பார்க்கிங் பொடியன்ரை சாவுக்குப் பிறகு அவர் சிரிக்கேல்லையாம் அக்கா. அண்டைக்குத் தானும் அழுததெண்டவர். கலியாணப் பாட்டெண்டு தெரிஞ்சும் அழுகை வந்ததாம்."

வெளியே யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

"நீர் அப்ப தெரிஞ்சுகொண்டே என்னை ஏன் கூப்பிட்டனீர்?"

"அவர் கேட்டவர். 'நீ முன்னுக்கு இரு. மலரக்கா வாசிப்பா. ஒருத்தருக்கும் தெரியாது, உனக்கு மட்டும்தான் தெரியும். உன்னாலை சிரிக்காமல் இருக்க ஏலுதோ பாப்பம்' எண்டவர்." பியற்றிஸ் கண்ணைத் துடைக்காமலே நின்றாள். "அவர் போனதுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பே வரேல்லை. வாசிக்காமல் விட்டிடாதேங்கோ."

யோகமலர் குசினிச் சுவரில் சாத்தியிருந்த கிற்றாரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

சனம் எழுந்து நின்று வழிவிட்டது. மேடையில் மரியநாயகத்தின் படத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்து நரம்பைத் தொட்டாள். அவளுக்குத் தெரிந்த வேகம் ஒன்றுதான், அந்த வேகத்திலேயே இறங்கினாள். ஆனால் ஒவ்வொரு தயக்கத்துக்குள்ளும் இப்போது கைதட்டல் கேட்டது. கண்ணை மூடப் பயமாக இருந்தது. மூடினால் மணப்பெண் மேசையில் ஏறிவிடுவாள். முன்வரிசையில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். இன்னொருவர் தலையை ஆட்டி, "என்ன சோகம்!" என்றார்.

அப்போது பியற்றிஸின் தோள் குலுங்கத் தொடங்கியது.

முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். குலுக்கம் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் "ஐயோ பாவம்" என்று அவளை அணைத்தார்கள், பாதிரியார் தண்ணீரோடு ஓடிவந்தார், சனம் முழுவதும் சேர்ந்து விம்மியது. அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து பியற்றிஸ் ஒருமுறை நிமிர்ந்து யோகமலரைப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. வாய் முந்தானைக்குள் இருந்தது.

யோகமலர் உதட்டைக் கடித்துக்கொண்டு கிற்றாரின் மேல் குனிந்தாள். அவளுடைய வயிறும் குலுங்கத் தொடங்கியிருந்தது, உருப்படியில் இன்னும் பாதி கிடந்தது.