எனக்கு மட்டும் மாலை

பத்தொன்பது வருடங்களாக நான் நரிக்குட்டி. டோக்கியோவில் ஒரு கார்ட்டூன் தொடரில் அதற்குக் குரல் கொடுக்கிறேன். முகப்புப் பாடலும் நான் பாடியதுதான். பெயர் சிஹாயா ஒகுமுரா.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எப்போதும் காலைதான். எந்நேரம் நுழைந்தாலும் "காலை வணக்கம்" என்று சொல்வது எங்கள் தொழில் வழக்கம். அதனால் உள்ளே யாருக்கும் வயதாவதில்லை. நரிக்குட்டிக்கு ஏழு வயது. மைக் முன்னால் எனக்கும் ஏழு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வாய் தவறி, இயக்குநர் குரோசேயிடம் "மாலை வணக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு மட்டும் பொழுது சாய்ந்தது. மற்றவர்கள் மேல் வெயில் அப்படியே இருந்தது. எனக்கு முட்டி வலித்தது.

"வாய் தவறிடுச்சு சார்," என்றேன்.

"வாய்தானே உங்க வேலையே," என்றார் குரோசே. "காலை நேரம் நீடிக்கணும்னா மூணாவது மாடியில மனு குடுங்க."

என் தங்கை யுரிகோ மூலையில் நின்றிருந்தாள். பதினோரு வருடமாகக் கூட்டக் காட்சிகளில் கத்துகிறவர்களில் ஒருத்தியாக மட்டும் குரல் கொடுக்கிறாள். அவளுக்குத் திறமை போதாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"பாத்துப் போக்கா. இருட்டுது," என்றாள்.

மூன்றாவது மாடியில் நடைபாதை நீண்டது. என் பாடலை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். இரண்டு சரணம் முடிந்தும் கதவு வரவில்லை. மூன்றாவது சரணத்தை நானே கட்டிப் பாட வேண்டியதாயிற்று. சுமாராகத்தான் வந்தது.

ஒருவழியாகக் கதவு வந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள்.

"பேரு?"

சொன்னேன்.

"இது நரியோட குரல். உங்க குரல்ல சொல்லுங்க."

உள்ளே தேடினேன். அம்மாவிடமும் கடைக்காரரிடமும் பல் டாக்டரிடமும் நரிக்குட்டியாகவே பேசிப் பழகிவிட்டேன். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

"என்கிட்ட வேற இல்லைங்க."

"அப்ப மனு தள்ளுபடி. நரியோடதை வச்சிட்டுப் போங்க."

மிட்டாய் டப்பா ஒன்றை நீட்டினாள். வாயைத் திறந்தேன். குரல் அதில் விழுந்தது. டப்பாவை மூடி, என் கழுத்தில் சிவப்பு முத்திரை குத்தினாள்.

நான் கீழே வருவதற்குள் டப்பா யுரிகோவிடம் போயிருந்தது. மைக் முன்னால் அவள் நரிக்குட்டியாகச் சிரித்தாள். என்னைவிட நன்றாக இருந்தது.

"கூட்டத்துல பேசாம நிக்கிற ஆள் ஒருத்தர் வேணும்," என்று குரோசே என்னிடம் வசனத்தாளைக் கொடுத்தார். அது வெற்றுத்தாள்.

என் கைப்பேசி அடித்தது. சொந்த ஊரான செண்டாயிலிருந்து அம்மா. எடுத்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. யுரிகோ கைப்பேசியை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள். பதிவு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

"சிஹாயாவா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா," என்றது நரிக்குட்டி.

"உன் தங்கச்சி எப்படி இருக்கா?"

யுரிகோ என்னைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"இங்கதான் நிக்கிறா. திறமை போதாதும்மா."

"பாவம். ஊருக்கு வந்துடச் சொல்லு. இனி எதுக்கு அங்க?"

என் கண்ணீர் வசனத்தாளில் சொட்டியது.

"கட்!" என்றார் குரோசே. "தாள் சத்தம் விழுது. யாரு அது? அழுறதுன்னா தாளைத் தள்ளிப் பிடிச்சு அழுங்க. மறுபடியும் முதல்லேருந்து."

தாளைத் தள்ளிப் பிடித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கைப்பேசி அடித்தது.

"சிஹாயாவா?" என்றாள் அம்மா.