துண்டு தொங்கும் படகு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கடலில் படகோடு இருந்த அத்தான் போனில் கேட்டார், எழுதிக் கொடுத்தேன்.

"மேனேஜர் இன்னிக்கு என்ன பண்ணுச்சுன்னு ஒரு நாலு வரி எழுதி அனுப்பும்மா. உங்க அக்கா கேட்டா சொல்லணும்."

மேனேஜர் என்பது அக்கா வீட்டுப் பூனை. யார் வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தான் மட்டும் ஒரு துரும்பையும் நகர்த்தாது. அதனால் அந்தப் பெயர். அது படகில் இல்லை, காணாமல் போய்விட்டது என்பதை அத்தான் அடுத்த வாக்கியத்தில் சொன்னார்.

[அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவர் அழுதுகொண்டே சொன்னது. அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.]

2

முதல் தொடக்கம்: "கோடைக் கடல் அன்று அமைதியாக" — வேண்டாம். எல்லோருடைய கடலும் இப்படித்தான் அமைதியாக இருக்கிறது.

இன்னொன்று: "அந்தப் படகில் எப்போதும் மூன்று பேர்" — இதையும் பாதியில் விட்டேன். ஆனால் இது உண்மை.

அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அக்கா அதே பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள். கோடையில் பள்ளி மூடியதும் இருவரும் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு தங்கள் பழைய மோட்டார் படகில் கிளம்பிவிடுவார்கள். கரையை ஒட்டியே போவார்கள். கரையில் நடப்பவர்கள் அவர்களை முந்திக்கொண்டு போவார்கள், அவ்வளவு நிதானம். மதியம் ஏதாவது ஒரு மணல்திட்டு, சாயங்காலம் பாறை மறைவில் நங்கூரம்.

நங்கூரம் போட்டதும் அக்கா ஒரு தடித்த பழைய துண்டைப் படகின் பின்பக்கம் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவாள். பூனை தவறி விழுந்தால் நகத்தால் பற்றி ஏறி வர. கிளம்பும்போது அதை உள்ளே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பூனை உள்ளே, துண்டு உள்ளே என்று பார்த்துவிட்டு அக்கா "ரைட்!" என்று குரல் கொடுப்பாள். பேருந்தானாலும் படகானாலும் அந்த 'ரைட்' வராமல் அத்தான் எடுக்க மாட்டார்.

3

இந்த வருடம் அக்காவின் வயிற்றில் கட்டி. வியாழன் காலை அறுவை சிகிச்சை.

"நீங்க போயிட்டு வாங்க. இங்கயே உக்காந்து என் மூஞ்சியப் பாத்துப் பெருமூச்சு விட்டா எனக்கு இன்னும் நாலு வியாதி வரும்," என்று அத்தானை அக்காதான் துரத்தினாள். "புதன் ராத்திரிக்குள்ள வந்துடணும். மேனேஜர பாத்துக்குங்க."

வீட்டில் அக்காவுக்குத் துணையாக நான் இருந்தேன்.

ஒரு காலை அத்தான் கண்விழித்தபோது பூனை இல்லை. பாறை பாறையாக ஏறிக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து படகு அதே இடத்தில் நிற்கிறது. துண்டும் தொங்குகிறது. தினமும் நான் சமையலறையிலிருந்து நாலு வரி அனுப்புவேன், அவர் அதை அக்காவிடம் போனில் வாசிப்பார், அக்கா கட்டிலில் படுத்துக் கேட்டுச் சிரிப்பாள்.

[இந்த அக்கா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. சொன்னதை எல்லாம் நம்பும் நோயாளியாக அவளை எழுதிவிட்டேன். பிள்ளைகளின் பொய்யையெல்லாம் பேருந்துப் படியிலேயே பிடித்தவள் அவள்.]

4

புதன் காலை அக்கா கூப்பிட்டாள்.

"எழுத்தாளரே, இங்க வாங்க. நேத்து படகு ஓடறப்ப மேனேஜர் அவர் மடியில உக்காந்துச்சா?"

"ஆமாக்கா. அத்தான்தான சொன்னாரு."

"இன்ஜின் சத்தம் கேட்டா அது சீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும்டி. ஒரு தடவையாவது எங்ககூட வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

(எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. தொட்டிலில் ஆட்டினாலே வாந்தி எடுப்பேனாம்.)

கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கேட்டாள். "அவர் இன்னும் அங்கயேதான் நிக்கிறாரா?"

"ஆமா. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்னே சொல்றாரு."

"ஆள் குறைஞ்சா வண்டிய எடுக்க மாட்டார். ஒரு தடவை ஒரு பொண்ணு ஸ்கூல் லைப்ரரியில தூங்கிட்டா. அவளக் கண்டுபிடிக்கிற வரைக்கும் பஸ்ஸை அசைக்கல. அன்னிக்கு அத்தனை பெத்தவங்களும் அவரைத் திட்டுனாங்க."

இப்போது கிளம்பினால்தான் இரவுக்குள் வந்து சேர முடியும்.

5

முடிவு அ: துண்டைப் பற்றிக்கொண்டு, நனைந்து, கோபமாக மேனேஜர் ஏறி வருகிறது. எழுதி அக்காவிடம் வாசித்தேன். "நல்லாருக்கு. கிழிச்சுப் போடு," என்றாள்.

முடிவு ஆ: அத்தான் வெறும் கூடையோடு வருகிறார். அக்கா அது வெறும் கூடை என்று தெரியாததுபோல — இதை அவள் முடிக்கவே விடவில்லை. "போதும்டி. ரெண்டு பேரும் இவ்வளவு நாள் நடிச்சது போதும்."

முடிவு இ: வியாழன் காலை அவர் இல்லாமலே — எழுதவில்லை. எழுத மாட்டேன்.

"நாளைக்கு என்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப அவர் வெளியில நிக்கணும்," என்றாள் அக்கா. "எனக்கு பயமா இருக்கு. போனைக் குடு."

அத்தான் எடுத்ததும் என் நாலு வரியை ஆரம்பித்தார். "மேனேஜர் இன்னிக்கு வெயில்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு..." அக்கா குறுக்கே பேசவில்லை. கடைசி வார்த்தை வரை வாசிக்க விட்டாள்.

"கேளுங்க," என்றாள். "நான் எண்ணிட்டேன். ஒண்ணு குறையுது. எனக்குத் தெரியும். துண்டை உள்ள எடுங்க."

 அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கும் அந்தப் பழைய குரலில், "ரைட்!" என்றாள்.

6

[இங்கே ஒரு சத்தம் வர வேண்டும். ஈரத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதா, இன்ஜின் உறுமுவதா, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று ஒருவர் கெஞ்சுவதா? நான் எழுதினால் பொய் எழுதிவிடுவேன். கை அதற்குப் பழகிவிட்டது.]

ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் போர்வை மேல் வைத்திருக்கிறோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறோம், கட்டிலில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. வாருங்கள், நீங்களும் கேளுங்கள்.