சிமெண்ட் விமானம்

கொழுந்தன் அருண்பாண்டியின் போன் வந்தபோது முத்துமீனா கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை என்றால் மதுரை கே.கே. நகரின் அந்தக் கிளினிக்கில் திருவிழாக் கூட்டம்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, சர்க்கரை பார்க்க வந்த பெரியவருக்கு அட்டையை நீட்டினாள்.

“மதினி, நினைவுத் தூணு டிசைனை மறுபடி மாத்தியாச்சு. டிவியில பாத்தீங்கல்ல? பிரான்ஸ்காரன் பிளேனைத்தான் வாங்கப் போறாங்களாம். அண்ணனுக்கும் அதையே வச்சிருவோம். சரிதானே?”

“சரி” என்றாள்.

போன தடவை அமெரிக்காக்காரன் விமானம் என்றான். அதற்கும் சரி என்றுதான் சொன்னாள். கணவன் இம்மானுவேல் போனதிலிருந்து அவள் வாயில் மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான். இழவுக்கு வந்தவர்கள் சாப்பிடச் சொன்னபோதும் சரி, வீட்டைக் காலி செய்து மதுரைக்குக் கிளம்பச் சொன்னபோதும் சரி. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே, கல்நெஞ்சுக்காரி என்று அவன் ஊரான பேரையூரின் பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்று நினைத்தாள்.

இம்மானுவேல் விமானப்படையில் போர் விமானி. அவன் தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். அந்தக் காட்டிலேயே ஒரு துண்டை அவன் தன் சம்பளத்தில் வாங்கி அப்பன் பெயரில் எழுதி வைத்தான். வடக்கே ஒரு பயிற்சியின்போது அவன் ஓட்டிய பழைய விமானம் தரையில் விழுந்து எரிந்தது. சீல் வைத்த பெட்டி ஊருக்கு வந்தது. திறக்கக் கூடாது என்று உடன் வந்த அதிகாரி கைகூப்பிச் சொன்னார். பெட்டியைச் சுற்றி நின்று அழுதார்களே தவிர, அவன் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதிலேயே அவன் புது விமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான். “இந்தத் தகர டப்பாவெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான் மீனா. புதுசு வருது. ஒரே பிளேனு, எல்லா வேலையும் பாக்கும்.” அதற்கென்று குழு போட்டார்கள். நாலைந்து நாட்டு விமானங்களை வரவழைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குழு கலைந்து இன்னொரு குழு வந்தது. மகள் பவதாரிணி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் நாடு தேர்ந்தெடுத்துக்கொண்டேதான் இருந்தது. பெண் பார்க்கப் போய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்’ என்று எழுந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். அவர்களின் இல்வாழ்க்கையைவிட அந்தத் தேர்வுக்கு ஆயுள் அதிகமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பவதாரிணியைக் கூட்டிக்கொண்டு பேரையூர் பஸ் ஏறினாள். நினைவுநாளுக்குள் தூண் வேலை முடிந்தாக வேண்டும். காளை வரச் சொல்லியிருந்தார். சுற்றுவட்டாரக் கோயில்களில் சிமெண்டில் குதிரையும் சாமியும் செய்கிறவர் அவர். விமானம் செய்வது இதுதான் முதல் தடவை.

அவன் வாங்கிய மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில், ஆள் உயரத் தூணின் மேல் மூக்கில்லாத விமானம் ஒன்று வானம் பார்த்து நின்றது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

“வா தாயி” என்றார் காளை. “ஒங்கொழுந்தனுக்கு நீயாச்சும் சொல்லு. ரெண்டு வாட்டி மூக்கை ஒடச்சுட்டேன். டெல்லிக்காரன் முடிவெடுக்குறதுக்குள்ள என் கம்பியெல்லாம் துருப்பிடிச்சிரும்.”

அருண்பாண்டி செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். “இதான் மதினி. எம்புட்டு அம்சமா இருக்கு பாருங்க. அண்ணன் உசுரோட இருந்தா இதைத்தான ஓட்டும்?”

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மாமனார் பால்பாண்டி, மகன் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “அவன் ஓட்டுனது எதுவோ அதை வையி. ஏறாத வண்டியில ஏத்தி வச்சா ஊரு சிரிக்கும்.”

“அண்ணனைக் கொன்னதே அந்தப் பிளேனுதான்ப்பா. அதையா அண்ணன் பேருக்கு மேல நிப்பாட்டச் சொல்றீக? மதினி வாறப்பல்லாம் அதைப் பாக்கணுமா?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். இந்த முறை ‘சரி’ என்று சொல்லித் தப்ப முடியாது. யாருக்குச் சரி என்று சொல்வது? அவள் மூக்கில்லாத அந்த விமானத்தை வெறித்துக்கொண்டு நின்றாள். கிளினிக் சுவரில் தொங்கும் நுரையீரல் படத்தைப் பார்ப்பதைப் போலத்தான் அதையும் பார்க்க முடிந்தது.

முடிவை மருமகளிடம் விட்டுவிட்டுப் பெரியவர் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார். காளைதான் பேச்சைத் தொடர்ந்தார். “மூக்கு கெடக்கட்டும். எனக்கு வேற கேள்வி தாயி. உள்ள ஆளு உக்காரணும்ல? ஹெல்மெட் போட்டா கண்ணு மட்டுந்தான் தெரியும். கண்ணைக் கடைசியாத்தான் தெறப்பேன், எங்க வழக்கம் அது. தெறந்துட்டா அப்புறம் அது பொம்மை இல்ல, ஆளு. அந்த நேரம் நீயும் பிள்ளையும் எதுக்க நிக்கணும். அவன் மொதல்ல ஒங்களத்தான் பாக்கணும்.”

அவள் உடம்பில் எங்கோ ஒரு இடம் சுரீரென்றது. இத்தனை காலம் மரத்துக் கிடந்த இடம். அது உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்ததும் பயந்துபோனாள். சிமெண்ட் கண் திறந்து அவளைப் பார்க்கும். பார்த்துக்கொண்டே இருக்கும். மழையிலும் வெயிலிலும் அந்த விமானத்துக்குள்ளேயே இருக்கும். எரிந்த விமானத்துக்குள் இருந்த மாதிரியே.

பவதாரிணிக்கு ஒருமுறை இம்மானுவேல் சாப்பாட்டு மேசையில் விளக்கியது ஞாபகம் வந்தது. டப்பாவின் மூடியைத் தூக்கி எறிந்தான். பிறகு உள்ளே இருந்த முறுக்கை உயரத் தூக்கினான். ‘ஆபத்துன்னா மொதல்ல மூடி பறந்துரும். அப்புறம் சீட்டோட ஆளைத் தூக்கி வெளிய எறிஞ்சிரும். பாராசூட்டுல அப்பா ஜம்முன்னு இறங்கிருவேன்.’ பிள்ளை கைதட்டிச் சிரித்துவிட்டு முறுக்கைத் தின்றது.

“காளையண்ணே” என்றாள். குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. “பழைய பிளேனே இருக்கட்டும். மாமா சொல்றதுதான். ஆனா ஆளு வேணாம்.”

“ஆளு இல்லாமயா? சரி, சீட்டை மட்டும்…”

“சீட்டும் வேணாம். மேல மூடியும் வேணாம். வெறும் குழிதான் இருக்கணும்.”

அருண்பாண்டி மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, செல்போனை அணைத்துப் பையில் போட்டான்.

நினைவுநாளன்று ஊரே காட்டில் கூடியது. டிவிக்காரர் ஒருவர் மைக்கோடு வந்து, புது விமானம் வாங்குவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று முத்துமீனாவிடம் கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். எதற்கு அசைத்தாள் என்று அவருக்கும் விளங்கவில்லை. துணியை விலக்கினார்கள். கைதட்டல் எழுந்து பாதியில் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆளைக் காணோமே?” என்றார் பால்பாண்டி. கிட்டே போய்த் தூணைப் பிடித்தபடி எக்கிப் பார்த்தார். “என்னய்யா காளை, வேலையைப் பாதியில விட்டுட்டியா? உக்கார எடங்கூட இல்லையே.”

காளை முத்துமீனாவைப் பார்த்தார். பவதாரிணிதான் தாத்தாவின் கையைப் பிடித்து, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதுபோலச் சொன்னாள்.

“அப்பா சீட்டோட வெளிய போயிட்டாங்க தாத்தா. பாராசூட் இருக்கும்.”

பெரியவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணுக்கு மேல் கையைக் குவித்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே மலைப்பக்கம் பார்த்தார். மெல்ல உடம்பைத் திருப்பிக் கிழக்கே, சோளக்காட்டுக்கு மேலே பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் இருவராக எல்லோரும் நிமிர்ந்தார்கள். முத்துமீனாவும் பார்த்தாள். வெயிலில் கண் கூசியது, கண்ணில் நீர் முட்டியது. அவள் குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.