வார்த்தை கேட்காமல் நம்பாதே

ஐந்தாவது தடவையும் கடவுச்சொல் தவறு என்று காட்டியதும் ரூபினா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அரை மணி நேரம் கழித்து முயலவும் என்றது திரை.

கூடத்தில் வாப்பாவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் யாசீன் ஓதும் சத்தம் கதவிடுக்கில் வந்தது. மணி ஒன்றரை. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவதாக ஜமாஅத்தில் முடிவாகிவிட்டது. இந்த வெயிலில் அதற்குமேல் வைத்திருக்க முடியாது.

அதற்குள் மணியாச்சியிலிருந்து ஹக்கீம் சாச்சா வந்து முகம் பார்த்தாக வேண்டும். வாப்பாவின் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

"வாப்பா மௌத்தாயிட்டாவ சாச்சா."

மறுமுனையில் இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அந்த வார்த்தையச் சொல்லு" என்றார் அவர்.

"ரூபினாதான் பேசுதேன் சாச்சா. அது எனக்குத் தெரியாதே."

"தெரியாட்டா நீ ரூபினா இல்ல."

வைத்துவிட்டார். அதன்பிறகு அவருடைய பட்டன் போன் அணைந்தே கிடந்தது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாப்பா பாரூக், தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் எழுத்து வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு பள்ளிவாசல் கடிதங்களையும் தெருக்காரர்களின் மனுக்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் அடித்துக் கொடுத்தார். சலாம் சொன்னவனுக்குப் பதில் சலாம் சொல்வதுபோல, வந்த மெயிலுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர் வழக்கம். உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று முகம் தெரியாத ஒருவன் எழுதியதற்கும், தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று தொடங்கிக் கடவுச்சொல்லை எழுதி அனுப்பிவிட்டார்.

மறுநாள் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரில் மெயில் போனது. மாரடைப்பு, மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், உதவுங்கள். சாச்சாவோடு தண்டவாள வேலை பார்ப்பவர் தன் போனுக்கு வந்த மெயிலைப் படித்துக் காட்ட, போன் செய்து கேட்கக்கூடத் தோன்றாமல் சாச்சா மதுரைக்கு ஓடினார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இருட்டும் நேரத்தில் இங்கே வந்து சேர்ந்தவர், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்றுதான் வாப்பா, சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய வார்த்தை என்று ஏற்பாடு செய்தார். தம்பியின் தோளைப் பிடித்துச் சொன்னார். "என் வீட்டுலருந்து யாரு அழுது சொன்னாலும் வார்த்தை கேக்காம நம்பாத. குரலையும் இப்பம் மிஷின்ல செய்யுதானுவளாம்."

சாச்சா அண்ணன் பேச்சைத் தட்டியதே இல்லை.

அந்த வார்த்தைகளின் பட்டியல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. சாச்சாவின் வார்த்தை கிடைத்தால் யாரிடமாவது சொல்லி அனுப்பலாம். கம்ப்யூட்டரைப் பூட்ட வைத்தவள் ரூபினா. பாலிடெக்னிக்கில் அதையே பாடமாக நடத்துகிறவள். திரையோரம் ஒட்டியிருந்த கடவுச்சொல் சீட்டைக் கிழித்துப் போட்டவளும் அவள்தான்.

"ரேஷன் கார்டுல பேரு சேக்கதுகூட லேசு போல" என்று வாப்பா முனகினார்.

"புதுசா ஒண்ணு வைங்க. எங்கயும் எழுதக்கூடாது. யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"உங்கிட்டயுமா?"

"எங்கிட்டயும்தான்."

அவள் சொல்வதில் பாதியைத்தான் எப்போதும் கேட்பார். இதை முழுதாகக் கேட்டிருந்தார்.

உம்மா வந்து கதவருகே நின்றாள். "அந்தப் பெட்டிய விடுட்டி. வாப்பாகிட்ட வந்து கொஞ்சம் உக்காரு."

"இன்னும் ஒரே ஒரு தடவ பாக்குதேன்மா" என்றாள் ரூபினா. திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி கழித்து உம்மாவின் பெயரைப் போட்டுப் பார்த்தாள். நிக்காஹ் நடந்த தேதியைப் போட்டாள். தீப்பெட்டி ஆபீசின் பெயரைப் போட்டாள். திரை இந்தத் தடவை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. அறையில் காற்றில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. கூடத்துக்குப் போனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

பக்கத்துப் பலசரக்குக் கடை ஆறுமுகசாமி அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

"ஒங்க சாச்சா எங்கன வேலை பாக்காவ?"

"மணியாச்சி தாண்டி, ரயில்வே லைன்ல அண்ணாச்சி."

தலையாட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தமும் அவருடைய பழைய வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டன. மகள் கல்யாணத்தன்றுகூட மதியம்வரை கடையைத் திறந்து வைத்திருந்த மனிதர். ரூபினா மறுபடியும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் உடலைத் தூக்கிப் போகும் சந்தூக்கோடு வந்தார்கள். ஜமாஅத் தலைவர் சேக் முகம்மது தெருமுனையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஆளுக்கொரு நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் ரூபினா வாசலுக்கு ஓடினாள். பின்சீட்டிலிருந்து இறங்கிய சாச்சா யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். அண்ணாச்சி வெளியிலேயே நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எப்படி அண்ணாச்சி நம்புனாவ? வார்த்தை கேட்டாவளா?"

"ஒண்ணும் கேக்கலம்மா. நானும் ஒண்ணும் சொல்லல. வண்டிய நிறுத்திட்டு லைன் ஓரமா நடந்தேன். தூரத்துலயே என்னையப் பாத்துட்டாவ. கடை நேரத்துல நான் அங்கன எதுக்குப் போறேன்?" துண்டைத் தோளில் போட்டார். "கையில இருந்த கடப்பாரையக் கீழ வச்சிட்டாவ."

உள்ளே, அண்ணன் முகத்தை நோக்கிக் குனிந்த சாச்சா நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். கை முழுக்கக் கிரீசும் துருவும். கஃபன் துணி வெள்ளையாக இருந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாயில் தண்ணீர் வரும் நாள் இல்லை. ரூபினா டிரம்மிலிருந்து செம்பில் மொண்டு ஊற்றினாள். அவர் சோப்பைத் தேய்த்தார். கறுப்பாக ஓடியது. மறுபடி தேய்த்தார்.

"போதுமாம்மா?" என்று இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டிக் காட்டினார்.

நகக்கண்களில் இன்னும் கறை இருந்தது. அவள் இன்னொரு செம்பு மொண்டாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கூப்பிடவில்லை.