எல்லைப் பலகையில் மிஸ்ஸிங்

2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமான செய்தி, பெரம்பலூர் டாக்சிக்காரன் ராசாங்கத்தைவிட அவன் காருக்கு முதலில் தெரிந்தது. அரியலூர் ரோட்டில் புதிதாக நட்ட எல்லைப் பலகையை நெருங்கியதும் இஞ்சின் திக்கியது, இருமியது, நின்றது. திருப்பிப் பெரம்பலூர் பக்கம் விட்டால் ஜோராக ஓடியது. அரியலூரில் நர்ஸாக இருந்த அவன் மனைவி மஞ்சுவுக்கு அது ஒன்பதாம் மாதம்.

மெக்கானிக் வெள்ளைச்சாமி, இஞ்சின் இப்படித் திக்குவதற்கு 'மிஸ்ஸிங்' என்று பேர், சென்சார் கோளாறு என்றார். காற்றை அளப்பது, சூட்டை அளப்பது என்று ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி ஒரு நல்ல காரில் மாட்டினார். அதிலிருந்ததை இதில் மாட்டினார். நல்ல கார் இதன் சென்சாரோடு அரியலூர் போய் வந்தது. இதுவோ பலகையடியிலேயே செத்தது. திருச்சி வழியாகச் சுற்றினாலும் அரியலூர் எல்லையில் அதே கதைதான். இதற்குள் மஞ்சுவுக்குப் பெண் பிறந்து, புவனேஸ்வரி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கடைசியில் வெள்ளைச்சாமி ராசாங்கத்தை இறக்கிவிட்டுத் தானே ஓட்டினார். கார் சமர்த்தாகப் பலகையைத் தாண்டியது.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்டா. கோளாறு நீதான்" என்றார்.

பஸ்ஸில் ஏறினான், அதுவும் பலகையடியில் நின்றது; கண்டக்டர் அவனை இறக்கிவிட்ட பிறகே கிளம்பியது. நடந்து பார்த்தான், பலகையடியில் மூச்சு திக்கி விழுந்தான். மூன்று மாதம் கழித்து மஞ்சு கொண்டுவந்து காட்டிய பிள்ளை, அவனைக் கண்டதும் வீறிட்டு அழுதது. அந்த வருத்தம் அவனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

2002இல் இரண்டு மாவட்டங்களையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். அன்றே இஞ்சின் சரியாகிவிட்டது. ஐந்து வருடம் அவன் அரியலூருக்கும், அப்பா பெரியசாமி இருந்த, பெரம்பலூர் பக்கத்துக் குரும்பலூருக்கும் ஓடிக்கொண்டிருந்தான். 2007 நவம்பரில் மீண்டும் பிரிக்கப்போவதாகச் செய்தி வந்தது.

"அப்பா, நாளைக்குப் பிரிக்கிறாங்க. எங்கூட அரியலூருக்கு வந்துடுங்க."

"இந்த ஊர வுட்டு நான் வரலடா. நீ புள்ளைகிட்டப் போ."

போனான். மறுநாள் பலகைக்கு அரியலூர்ப் பக்கம் நின்று பெரம்பலூரை நோக்கி ஓட்டிப் பார்த்தான். இஞ்சின் திக்கியது. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

டிசம்பரில் பெரியசாமி செத்துப்போனார். ராசாங்கம் விடிந்ததிலிருந்து பலகையடியில் நின்றான்; நாலு முறை ஓடிப் பார்த்து நாலு முறையும் விழுந்தான். கொள்ளி வைக்க மகனால் வர முடியாது என்று உச்சிவேளையில் தெரிந்ததும், வெள்ளைச்சாமி யாரையும் கேட்காமல் உடலை வேனில் ஏற்றினார். வேன் வருவதைக் கண்டதும், அப்பனுக்கும் அந்தக் கோளாறு இருந்துவிடுமோ என்று ராசாங்கம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேன் ஒரு தடவைகூடத் திக்காமல் பலகையைத் தாண்டி வந்து அவன் பக்கத்தில் நின்றது. ராசாங்கம் பின்கதவைத் திறந்து, அப்பாவின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தான். அரியலூர்ச் சுடுகாட்டுக்குப் போகச் சொன்னான்.