ஒரு நாளைக்கு இரண்டு கோட்டு

அக்கா ஒன்பது வருடம் சட்டை தைக்கும் ஆலை ஒன்றில் காலர் மட்டும் தைத்தாள். முதுகை ஒருத்தி தைப்பாள், கையை இன்னொருத்தி தைப்பாள். ஒரு சட்டை முழுதாக முடிந்து வெளியே போவதை அவள் பார்த்ததே இல்லை. அந்த வேலையை விட்டு, வீட்டு முன்னறையில் மெஷின் போட்டதும் வந்த முதல் பெரிய ஆர்டர், ஒரு மருத்துவமனைக்கு நாற்பது வெள்ளைக் கோட்டு. ஒரு மாதம் கெடு. தவறினால் மருத்துவமனை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், அக்கா மறுபடி ஆலைக்குத்தான் போக வேண்டும். “உன் ஸ்டூல் காலியாத்தான் கிடக்கு” என்று பழைய சூப்பர்வைசர் வாரம் தவறாமல் போன் செய்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்ன செய்தாள்? ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் நாற்பது காலர் தைத்தாள். ஆறாம் நாள் நிமிர்ந்தாள். எண்பது கை, நாற்பது முதுகு, நூற்றிருபது பை, எல்லாம் வெட்டியபடி அறை முழுக்கக் குவிந்து கிடந்தன. அப்படியே போய்ப் படுத்துவிட்டாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலா என்றாலும் தலைவலியா என்றாலும் ஒரே பதில்தான்: “நூத்தியிருபது பை.”

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, பஸ் கண்டக்டர். மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இங்க பாரு, நான் தெனமும் ஆயிரம் பேருக்கு டிக்கெட் கிழிக்கிறேன். காலையிலயே ஆயிரம் பேரையும் நெனச்சேன்னா நானும் உன் பக்கத்துலதான் படுத்திருப்பேன். ஏறுற ஆளை மட்டும் பாரு.”

“பஸ்ஸும் கோட்டும் ஒண்ணா?”

“ஒரு நாளைக்கு ரெண்டு கோட்டு. முழுசா முடிச்சு ஆணியில மாட்டிட்டு மெஷினை மூடிடு. இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்கு, தாராளமாப் போதும்.”

“மூணாவது தைச்சா?”

“தைக்கக் கூடாது.”

மறுநாள் அக்கா தைத்தாள், காஜாவும் பொத்தானும் நான் பார்த்துக்கொண்டேன். மதியத்துக்குள் இரண்டு முடிந்தன. மாமா சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பியதும் அக்கா மூன்றாவதில் கை வைத்தாள். விளக்கு போடும் நேரத்தில் பார்த்தால் அந்தக் கோட்டுக்கு இரண்டுமே இடக் கை.

“அந்த ஆஸ்பத்திரியில இப்படி ஒரு டாக்டர் இருக்காரான்னு விசாரிச்சுட்டு வரட்டுமா?” என்றார் டூட்டி முடிந்து வந்த மாமா.

அதற்குப் பிறகு அவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டார். தினமும் மதியம் சாப்பிட வரும்போது மெஷினின் பெல்ட்டைக் கழற்றி, டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். முதல் இரண்டு நாள் அக்கா கூண்டுப் புலி மாதிரி உலாத்தினாள். மூன்றாம் நாள் கொடிக்கயிறு விஷயமாகப் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டாள். அதன் பிறகு மதியத் தூக்கம் பழகிவிட்டது. முடிந்த கோட்டுகள் உள்ளறையில், தூசி படாமல் ஒரு பழைய போர்வைக்கு அடியில் தொங்கின.

இப்படித் தைக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மதியம், மாமா பெல்ட்டோடு போன பிறகு, மருத்துவமனை ஸ்டோர்க்காரர் போன் செய்தார்.

“புதுசா பத்து டாக்டர் சேர்றாங்கம்மா. நாளைக்குக் காலையில பத்து கோட்டாவது வேணும். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கறேன்.”

“சரிங்க சார்” என்று போனை வைத்தவள், “ஒரே ராத்திரியில பத்து! பெல்ட்டு வேணும்டி!” என்று தெருவில் இறங்கி ஓடினாள். நான் வாயைத் திறப்பதற்குள் முனை திரும்பிவிட்டாள். அவள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மாமாவின் பஸ் அப்போதுதான் நிறுத்தத்துக்கு வந்தது. அக்கா தாவி ஏறினாள்.

“பெல்ட்டைக் கழட்டிக் குடுங்க!”

பஸ்ஸே திரும்பி மாமாவின் இடுப்பைப் பார்த்தது.

“தங்கச்சி, வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கக் கூடாதா?” என்றார் டிரைவர்.

“மெஷின் பெல்ட்டுண்ணா! நாளைக்குப் பத்து கோட்டு குடுக்கணும்!”

“குடுத்துருப்பா, பாவம் பொண்ணு அழுவுது” என்றாள் கூடை வைத்திருந்த ஒரு அம்மா.

மாமா பையில் கை விட்டவர், அப்படியே நின்றார். “ஆணியில எத்தனை தொங்குது?”

அக்கா முழித்தாள். எண்ணியதே இல்லை. என்னைப் பார்த்தாள். பஸ்ஸும் என்னைப் பார்த்தது. நான் கையிலிருந்த செருப்பைப் பார்த்தேன்.

“பதினெட்டு” என்றேன்.

“சத்தமா சொல்லும்மா, பின்னாடி கேக்கல!”

“பதினெட்டு!”

பஸ் சிரித்த சிரிப்பில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அக்கா அருகில் கிடைத்த சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். “ஆமால்ல?” என்றாள். ஆலையில் ஒன்பது வருடமும் அவள் எதையும் முடித்ததில்லை. முடிந்தது என்று ஒன்று இருக்கும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

“ரெண்டு பேருக்கும் டிக்கெட்” என்று மாமா கை நீட்டினார்.

மறுநாள் காலை பத்து கோட்டையும் மடித்து எடுத்துக்கொண்டு போனோம். ஸ்டோர்க்காரர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, பைக்குள் கை விட்டு, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. மீதியை ஒரு வாரத்துல குடுத்துடுங்க.”

அக்காவின் வாய் “சரி” என்பதற்குத் திறந்துவிட்டது. நான் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, இன்னும் தைக்க வேண்டிய இருபத்திரண்டையும் விரல் விட்டு எண்ணினாள்.

“முடியாதுங்க சார். பதினோரு நாள் ஆகும்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நான் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப பதினோரு நாள்” என்று நோட்டில் எழுதிவிட்டு, காலரை நீவியபடி வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார்.

“சார்” என்று அக்கா பின்னாலேயே போனாள். “அதைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. அது டாக்டருக்கு.”